மிலிட்டரி பூட்ஸ் வாங்கப் போகிறீர்களா? மதுரைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாகமலை, யானைமலை, அழகர்மலை என்று கிளம்புகிறவர்கள், தோட்டத்துக்கு ராத்திரியில் மோட்டார் போடப் போகிறவர்கள், புல்லட்டில் கொடைக்கானல் ஏறுகிறவர்கள், போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் தம்பிகள் எல்லோரும் இந்த பூட்ஸைப் பற்றிக் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான். அந்தக் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்கு நீளமான பதில், சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். எல்லாமே நம் பக்கத்து வெயிலையும் முள்ளையும் மனதில் வைத்துச் சொன்னவை. ஊட்டிக்காரருக்கோ இமயமலை போகிறவருக்கோ இதில் பாதி பொருந்தாது.

கடைக்காரர் 'மிலிட்டரி பூட்ஸ்' என்று நாலு விதம் எடுத்துப் போடுகிறார். எது என்ன?

முதலாவது, போலீஸ் அணிவகுப்பில் பார்க்கிற கறுப்புத் தோல் பூட்ஸ். கடைகளில் டி.எம்.எஸ். என்று கேட்டால் இதைத்தான் எடுப்பார்கள். மேல்தோலோடு சேர்த்தே அடிப்பாகத்தை அச்சில் வார்த்திருப்பார்கள். உறுதியானது, கனமானது, பாலிஷ் போட்டால் பளபளக்கும்.

இரண்டாவது, ஜங்கிள் பூட். பச்சை கேன்வாஸ் மேல்பாகம், ரப்பர் அடி. எடை குறைவு, விலையும் குறைவு, சீக்கிரம் காயும்.

மூன்றாவது, மணல் நிறத்தில் வரும் டெசர்ட் பூட் அல்லது டாக்டிகல் பூட். சொரசொரப்பான ஸ்வேட் தோலும் நைலான் துணியும் கலந்து தைத்தது. பக்கவாட்டில் ஜிப் இருக்கலாம்.

நான்காவது, இவை எல்லாவற்றையும் பார்த்து ரெக்சினில் செய்த ஃபேஷன் பூட்ஸ். கல்யாண ரிசப்ஷனுக்குப் போடலாம், மலைக்கு வேண்டாம்.

நம்ம ஊர் வெயிலுக்கு எது சரி?

பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது அல்லது மூன்றாவது. கறுப்புத் தோல் பூட்ஸைப் பார்த்ததும் ஆசை வரும், தெரியும். ஆனால் சித்திரை, வைகாசியில் மதுரையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது சகஜம். அந்த நேரத்தில் கீழக்குயில்குடி சமணர்மலைப் பாறையில் கையை வைத்துப் பாருங்கள். அந்தச் சூடு கீழிருந்து ஏறும், கறுப்புத் தோல் மேலிருந்து இழுக்கும், நடுவில் பாதம் வேர்த்துக் கொட்டும். வேர்த்த பாதத்தின் தோல் ஊறி மெத்தென்று ஆகிவிட்டால் கொப்புளம் வர அரை மணி நேரம் போதும்.

அடுத்தது எடை. காலில் ஏறுகிற ஒரு கிலோ, முதுகுப்பையில் ஏறுகிற சுமார் 5 கிலோவுக்குச் சமமான உழைப்பை வாங்கும் என்பது ராணுவ ஆய்வுகளே கண்ட உண்மை. ஒவ்வொரு அடிக்கும் அதைத் தூக்கி வைக்க வேண்டுமே. அதனால் கடையில் இரண்டு ஜோடி கையில் இருந்தால், இரண்டையும் தூக்கிப் பார்த்துவிட்டு லேசானதன் பக்கம் சாயுங்கள்.

ஜங்கிள் பூட்டின் உள்பக்கம், பாத வளைவுக்கு அருகில், வலை வைத்த இரண்டு சின்ன ஓட்டைகள் சில மாடல்களில் இருக்கும். வாய்க்காலில் இறங்கி ஏறினால் தண்ணீர் அதன் வழியாக வெளியே போகும். ஓட்டை இருக்கிறதே, டிஃபெக்ட் பீஸோ என்று திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

ராணுவமே போடுகிறது, அதைவிட நல்லது எது இருக்க முடியும்?

ராணுவம் வாங்குவது லட்சக்கணக்கான கால்களுக்கு, ஒரே விலையில், ஒரே அச்சில். உங்கள் காலுக்கு அல்ல. இடம் மாறினால் ராணுவ பூட்ஸும் காலை வாரும். 1982 ஃபாக்லாந்து போரில் பிரிட்டிஷ் வீரர்கள் பலர் கணுக்கால் உயர டி.எம்.எஸ். பூட்ஸோடுதான் போனார்கள். சதுப்புநிலத்துக் குளிர்ந்த தண்ணீர் உள்ளே புகுந்து நிறையப் பேருக்குப் பாதம் மரத்து வீங்கிப்போனது. போர் முடிந்தபின் உயரமான புது மாடலுக்கு மாறினார்கள். அவர்களுக்கு ஈரம் எதிரி. நமக்கு வெயிலும் முள்ளும்.

முள் என்றதும் ஞாபகம் வருகிறது. சீமைக்கருவேல முள் ஷூவைத் துளைத்து ஏறிவிட்டது. பூட்ஸ் போட்டால் ஏறாதா?

போன ஷூவின் அடி என்ன பொருள் என்று பாருங்கள். ஓடுவதற்கான ஷூக்களில் அடி முழுக்க ஈ.வி.ஏ. என்ற நுரைப்பொருள்தான். மிதிக்க மெத்தென்று இருக்கும், காய்ந்த கருவேல முள்ளுக்கு அது ஒரு தடையே இல்லை. திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் எந்தப் பக்கம் போனாலும் கண்மாய்க் கரையில் கருவேலம்தான். வெட்டிப் போட்ட கிளை மண்ணோடு மண்ணாகக் கிடக்கும், முள் மட்டும் மேலே பார்த்து நிற்கும்.

ஆடு மேய்க்கிறவர்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள். டயர் செருப்பு. லாரி டயரில் ரப்பரோடு நைலான் அல்லது கம்பி இழை அடுக்கடுக்காக இருக்கும், முள் பாதியிலேயே நின்றுவிடும். பூட்ஸிலும் நீங்கள் தேட வேண்டியது அதையேதான்: கெட்டியான ரப்பர் அடி, பள்ளங்களுக்கு நடுவிலும் போதுமான தடிப்பு. சில பூட்ஸில் பற்கள் மட்டும் உயரமாக இருக்கும், இரண்டு பல்லுக்கு இடையில் ரப்பர் தாளாக இருக்கும். முள் அந்த இடுக்கில்தான் ஏறும். கட்டைவிரலால் அந்தப் பள்ளத்தை அழுத்திப் பாருங்கள். உள்ளே குழிந்தால் வேண்டாம்.

வியட்நாம் போரில் மூங்கிலைக் கூர்சீவி நட்டு வைத்த குழிகளில் வீரர்கள் கால் வைத்ததால், அமெரிக்க ஜங்கிள் பூட்டின் அடியில் ஒரு மெல்லிய எஃகுத் தகட்டையே சேர்த்தார்கள். இன்று தொழிற்சாலைப் பாதுகாப்பு ஷூக்களில் அதே மாதிரி தகடு வருகிறது. எஃகுக்குப் பதில் நெய்த துணித்தகடு வைத்ததும் உண்டு. துணித்தகடு நன்றாக வளையும், நடக்க சுகம். ஆனால் ஆணியைத் தடுக்கிற அளவுக்கு மெல்லிய கூர்முள்ளைத் தடுக்காது. தினமும் கருவேலங்காட்டில் வேலை என்றால் எஃகுத் தகடு வைத்தது வாங்குங்கள். மாதம் ஒருமுறை நடை என்றால் தடித்த ரப்பரே போதும்.

அப்படியானால் டயர் செருப்பே போதாதா?

அடியில் இருந்து வரும் முள்ளுக்குப் போதும். பக்கவாட்டில் கீறும் முள், புல்லுக்குள் கிடக்கும் பாம்பு, சறுக்குப் பாறையில் மடங்கும் கணுக்கால், இவற்றுக்குப் போதாது. பிறந்ததிலிருந்து அந்தச் செருப்போடு மலையேறுகிறவருக்கு இந்தப் பக்கமே தேவையில்லை, அது வேறு விஷயம்.

சைஸ் எப்படிப் பார்ப்பது? எப்போதும் 8 போடுகிறேன், பூட்ஸில் 8 கடிக்கிறதே.

மற்ற எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நம்மில் நிறையப் பேர் செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்தவர்கள். விரல்கள் விரிந்து, முன்பாதம் அகலமாக இருக்கும். பூட்ஸ் அச்சுகள் பெரும்பாலும் ஒடுக்கமானவை. நீளம் சரியாக இருக்கும், சுண்டுவிரல் நசுங்கும். நீளத்தைக் கூட்டி 9 வாங்கினால் விரல் தப்பிக்கும், குதிகால் உள்ளே ஆடும், அங்கே கொப்புளம். ஆகவே முதலில் அகலமான அச்சு இருக்கிறதா என்று கேளுங்கள். பெட்டியில் எண்ணுக்குப் பக்கத்தில் அகலத்தைக் குறிக்கும் எழுத்து சில கம்பெனிகளில் இருக்கும்.

கடையில் செய்ய வேண்டியது இது. சாயங்காலம் போங்கள், ஏனென்றால் நாள் முழுக்க நடந்த பாதம் காலையில் இருப்பதைவிடக் கொஞ்சம் வீங்கியிருக்கும். மலைக்குப் போடப் போகிற தடித்த சாக்ஸைக் கையோடு கொண்டுபோங்கள், கடையில் தரும் மெல்லிய சாக்ஸ் ஏமாற்றும். பூட்ஸுக்குள் இருக்கும் இன்சோலை வெளியே உருவித் தரையில் போட்டு, அதன்மேல் ஏறி நில்லுங்கள். குதிகாலை இன்சோலின் பின்விளிம்போடு சேர்த்து வைத்து, முன்னால் குனிந்து பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் தெரிய வேண்டும். சுண்டுவிரல் பக்கம் சதை இன்சோலைத் தாண்டி வழிந்தால், அந்த பூட்ஸ் எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்ப வைத்துவிடுங்கள். தோல் நாளாக ஆகக் கொஞ்சம் விரியும்தான், ஆனால் அடிப்பாகம் விரியாது.

அப்புறம் லேஸை இறுக்கிக் கட்டி, கடைப் படிக்கட்டில் இறங்கிப் பாருங்கள். இறங்கும்போது விரல்நுனி முன்னால் போய் முட்டினால், அழகர்மலையிலிருந்து இறங்கும் நாளில் பெருவிரல் நகம் கறுத்துப்போகும். ஏறும்போது குதிகால் தூக்கிக்கொண்டு வருகிறதா என்றும் பாருங்கள். துளி அசைவு பரவாயில்லை.

இரண்டு கால்களும் ஒரே அளவில் இருப்பதில்லை. பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும்.

ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு: இந்தியக் கம்பெனிகள் பெரும்பாலும் யூகே அளவைப் போடுகின்றன. வெளிநாட்டு மாடல்களில் அமெரிக்க அளவு இருக்கும். ஆண்களுக்கான யூகே 8 என்பது அமெரிக்க அளவில் ஏறத்தாழ 9, ஐரோப்பிய அளவில் 42. இதைக் கவனிக்காமல் வாங்கித்தான் பாதிப் பேர் திருப்பி அனுப்புகிறார்கள்.

தோலா ரெக்சினா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வெட்டு விளிம்பைப் பாருங்கள். பூட்ஸின் நாக்கின் ஓரத்திலோ லேஸ் ஓட்டைக்குப் பின்பக்கமோ மடித்துத் தைக்காத விளிம்பு தெரியும். நார் நாராகப் பஞ்சுபோல இருந்தால் தோல். மேலே வழவழப்பான படலம், கீழே துணி நெசவு என்று இரண்டு அடுக்காகப் பிரிந்தால் ரெக்சின். மோந்து பார்ப்பதை நம்ப வேண்டாம், தோல் வாசனையையும் இப்போது அடித்து விற்கிறார்கள்.

தோலிலும் தரம் உண்டு. மாட்டுத்தோலின் மேலடுக்கு உறுதியானது. அதைப் பிரித்தபின் மிஞ்சும் கீழடுக்கின்மேல் பிளாஸ்டிக் பூசி 'ஜெனுயின் லெதர்' முத்திரையோடு வரும். பொய் இல்லை, அதுவும் தோல்தான். ஆனால் விரல் மடங்கும் இடத்தில் ஒரு வருடத்திலேயே பூச்சு வெடிக்கும். கடையில் அந்த இடத்தை மடக்கிப் பாருங்கள். மெல்லிய சுருக்கங்கள் விழுந்து மறைந்தால் நல்லது. ஒரே கோடாக வெள்ளை பூத்தால் பூச்சு.

திண்டுக்கல்லிலும் ஆம்பூர், வாணியம்பாடி பக்கமும் நல்ல தோல் பதனிடும் தொழில் காலங்காலமாக இருக்கிறது. நம் பக்கத்தில் விலைக்குத் தகுந்த தோல் பூட்ஸ் கிடைக்காமல் போகாது, கொஞ்சம் தேட வேண்டும்.

புதுசாக இருக்கும்போதே சோல் பிய்ந்து விழுந்தது. பெட்டியிலிருந்து எடுத்து ஒருநாள்தான் போட்டேன், பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. பி.யு. என்கிற பாலியூரித்தேன் சோலின் குணம் அது. காற்றில் உள்ள ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக அதன் கட்டமைப்பை அறுக்கும், சூடு அதை வேகப்படுத்தும். போட்டாலும் போடாவிட்டாலும் நாலைந்து வருடத்தில் சில சோல்கள் உள்ளுக்குள் கெட்டுப்போகும். வெளியே பளபளவென்று இருக்கும். எடை ஏறியதும் நனைந்த ரஸ்க் மாதிரி உதிரும். பரணில் பத்திரமாக மூடி வைத்த பூட்ஸ்தான் இதில் அதிகம் மாட்டும்.

அதனால் பி.யு. சோல் வேண்டாம் என்று சொல்லவில்லை. லேசாக இருக்கும், குதிகாலுக்கு இதம். தயாரித்த தேதியை மட்டும் பாருங்கள். பெட்டியில் மாதமும் வருடமும் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். பல சோல்களின் அடியில் ஒரு சின்ன வட்டம் இருக்கும், அதைச் சுற்றி 1 முதல் 12 வரை எண்கள், நடுவில் அம்புக்குறியும் வருடமும். அதுதான் சோல் வார்த்த மாதம். இரண்டு வருடத்துக்கு மேல் பழையது என்றால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் யோசியுங்கள். வாங்கியதைப் பூட்டி வைக்காமல் அடிக்கடி போடுங்கள்.

முழு ரப்பர் சோலுக்கு இந்தத் தொல்லை இல்லை. கனம் கூடும், தேயத் தேயப் போடலாம். நடுவில் பி.யு., தரையில் படும் இடத்தில் ரப்பர் என்று இரண்டையும் கலந்ததும் வருகிறது. நல்ல சமரசம்தான், ஆனால் நடுவில் உள்ள பி.யு.வுக்கு அதே ஆயுள்தான்.

சோலை ஒட்டியது நல்லதா, தைத்தது நல்லதா?

மூன்று முறை உண்டு. வெறும் பசையால் ஒட்டியது, நேரடியாக வார்த்தது, விளிம்பு சுற்றித் தைத்தது. நம் வெயிலில் பசை இளகும். நிறுத்தி வைத்த காரின் டிக்கியில் மே மாதம் ஒரு பகல் முழுக்க ஷூ கிடந்தால் முன்நுனி வாயைப் பிளந்துவிடும். வார்த்தது பிரியாது, ஆனால் தேய்ந்தால் மாற்றுவது கஷ்டம். தைத்ததைத் திரும்பத் திரும்பச் சோல் மாற்றிப் போடலாம், விலைதான் எங்கேயோ இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஓரத்தில் தையல் மாதிரித் தெரிவது எல்லாம் தையல் அல்ல. பிளாஸ்டிக்கில் தையல் வடிவத்தை அச்சாக வார்த்திருப்பார்கள். நகத்தால் நூலைத் தூக்கப் பாருங்கள், நூலாக இருந்தால் அசையும்.

சோலின் பற்கள் ஆழமாக இருந்தால் பிடிமானம் அதிகமா?

மண்ணில் ஆமாம், பாறையில் இல்லை. மலையேற்ற ஷூக்களின் பல்வரிசை ரப்பர் சோல் 1930களில் இத்தாலியில் வந்தது. 1935-ல் ஆல்ப்ஸ் மலையில் ஆறு பேர் இறந்த ஒரு விபத்துக்குப் பிறகு விட்டாலே பிரமானி என்ற மலையேறி அதை உருவாக்கினார். விப்ரம் என்ற பெயர் அவர் பெயரிலிருந்து வந்ததுதான். ஜங்கிள் பூட்டுக்கு வேறு பல்வரிசை. பனாமா சோல் என்பார்கள், இரண்டாம் உலகப்போர்க் காலத்து அமெரிக்க ராணுவத்தில் பிறந்தது. பற்களுக்கு நடுவே அகலமான, சாய்வான பள்ளம் விட்டிருப்பார்கள். கால் மடங்கும்போது சேறு தானாகப் பிதுங்கி விழும்.

இது நமக்கு எங்கே உதவும்? திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசலில். ஐப்பசி மழைக்குப் பிறகு அங்கே பத்தடி நடந்தால் ஒவ்வொரு காலிலும் ஒரு கிலோ மண் ஏறியிருக்கும். நெருக்கமான சின்னப் பற்கள் உள்ள சோலில் மண் அப்பிக்கொண்டு வழவழவென்று ஆகிவிடும். யானைமலை, சமணர்மலை மாதிரி வெறும் பாறைக்கு நேர்மாறு: தரையில் அதிகம் படிகிற, கொஞ்சம் மெத்தென்ற ரப்பர்தான் பிடிக்கும். நகத்தால் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும். கட்டியான பிளாஸ்டிக் மாதிரி இருந்தால், சமணர்மலைப் பேச்சிப்பள்ளம் சுனைக்குப் பக்கத்து ஈரப்பாறையில் கண்டிப்பாக வழுக்கும். சொல்ல மறந்தேனே, அங்கே பாறையில் இருப்பது ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட சிற்பங்கள். பிடிமானம் தேடி அவற்றின்மேல் பூட்ஸ் காலை வைக்காதீர்கள்.

6 அங்குலமா, 8 அங்குலமா? பாம்புக்கு உயரமானதுதானே நல்லது?

பாம்புக்கடி பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலைச் சுற்றியும்தான் விழுகிறது. கணுக்காலை மூடுகிற எந்த பூட்ஸும் செருப்பைவிட எவ்வளவோ மேல். நாகம், கட்டுவிரியன், சுருட்டைவிரியன், கண்ணாடிவிரியன் என்ற நான்கில் கண்ணாடிவிரியனின் பல் நீளம் அதிகம். அதற்கு கேன்வாஸ் அவ்வளவு தடையல்ல, தடித்த தோல் பரவாயில்லை. இரவில் வயலுக்குப் போகிறவர்கள் 8 அங்குலத் தோல் பூட்ஸோ, முழங்கால் வரை வரும் கம் பூட்ஸோ போடுவது நியாயம். கையில் டார்ச் இல்லாமல் எந்த பூட்ஸும் உதவாது. கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது எல்லாம் வேண்டாம். காலை அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனைக்கு.

பகல் நடைக்கு 6 அங்குலம் போதும். காற்றோட்டம் கூடும், கழற்ற எளிது.

ராத்திரி வாசலில் விட்ட பூட்ஸைக் காலையில் தலைகீழாகத் தட்டாமல் போடவே கூடாது. தேளுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது.

கோயில் வந்தால் கழற்ற வேண்டுமே. எட்டு ஓட்டை லேஸை எத்தனை தடவை அவிழ்ப்பது?

வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் எந்த பூட்ஸ் குறிப்பிலும் இது இருக்காது, நமக்கோ இதுதான் தலையாய பிரச்சினை. கீழக்குயில்குடியில் மலை ஏறும் முன்பே கருப்பணசாமி. அழகர்மலையில் கோயில், பழமுதிர்சோலை, ராக்காயி அம்மன். கல்லும் வேலும் நட்டிருந்தால் அங்கேயும் கழற்றத்தான் வேண்டும். யாராவது வீட்டில் மோர் குடிக்கக் கூப்பிட்டாலும் அதே கதை.

பக்கவாட்டு ஜிப் வைத்தது வசதி. லேஸை ஒருமுறை அளவாகக் கட்டிவிட்டு ஜிப்பால் மட்டும் போட்டுக் கழற்றலாம். ஆனால் பூட்ஸில் முதலில் கெடுகிற உறுப்பும் ஜிப்தான், செம்மண் தூசி ஏறினால் மாட்டிக்கொள்ளும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, மெழுகுவர்த்தியை லேசாக உரசிவிட்டால் ஓடும். ஜிப்புக்குப் பின்னால் தோல் மடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் முள்ளும் நெருஞ்சியும் அதன் வழியாகவே நுழையும். சதுரகிரி மாதிரி முழு மலையையும் வெறுங்காலோடு ஏறுவேன் என்று வேண்டிக்கொண்டவர்கள் பூட்ஸைக் காரிலேயே விட்டுவிடலாம்.

வாட்டர்ப்ரூஃப் தேவையா?

மதுரைக்கு வேண்டாம். தண்ணீர் உள்ளே வராத சவ்வு, வேர்வையையும் மெதுவாகத்தான் வெளியே விடும். மேல்விளிம்பு வழியாக ஒருதடவை தண்ணீர் புகுந்தால் அன்று முழுக்க உள்ளேயே நிற்கும். கொடைக்கானல், மேகமலைப் பக்கம் மழையில் அடிக்கடி போகிறவர்கள் மட்டும் யோசிக்கலாம். அங்கே அதைவிட முக்கியம், நாக்கு இரண்டு பக்கமும் மேல்வரை தைத்து மூடியிருக்க வேண்டும். திறந்திருந்தால் அட்டைப்பூச்சி உள்ளே வந்துவிடும்.

மலைப்பாதைகளுக்கு அனுமதி வாங்கிப் போங்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் பலர் இறந்தது எல்லோருக்கும் தெரியும். 2024-ல் 40 பாதைகளோடு அரசே மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது, ஆன்லைனில் பதிவு செய்யலாம்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா?

இருக்கிறது. பி.யு.-ரப்பர் சோல் வைத்த உயரமான டாக்டிகல் பூட்ஸுக்கு ஐ.எஸ். 17012, எஃகு முனை வைத்த பாதுகாப்பு ஷூவுக்கு ஐ.எஸ். 15298. முத்திரை இருந்தால் குறைந்தபட்சத் தரம் உறுதி, அவ்வளவுதான். உங்கள் காலுக்குப் பொருந்துமா என்பதை முத்திரை சொல்லாது. 'ஆர்மி ஒரிஜினல்' என்று கூவி விற்பதை நம்ப வேண்டாம்.

எஃகு முனை வைத்தது இன்னும் பாதுகாப்புதானே?

மேலூர்ப் பக்கம் கல் வேலை செய்கிறீர்கள் என்றால் கட்டாயம் வாங்குங்கள், 200 ஜூல் மோதலைத் தாங்கும்படி சோதித்தது. நடப்பதற்கு வேண்டாம். கனம், சூடு, இறக்கத்தில் விரல் இடிக்கும்.

புல்லட் ஓட்டும்போது போடலாமா?

போடலாம், கணுக்காலுக்கு நல்லது. வாங்கும் முன் முன்நுனியின் உயரத்தைப் பாருங்கள். தடித்த நுனி கியர் லீவருக்கு அடியில் நுழையாமல் தவிக்கும். இடது பூட்ஸின் நுனி லீவர் உரசியே தேயும், ஸ்வேட் தோலில் ஒரு மாதத்தில் கறுப்புத் தழும்பு விழும். லேஸின் முடிச்சை உள்ளே சொருகிவிடுங்கள், தொங்கினால் ஃபுட்ரெஸ்ட்டில் மாட்டும்.

அண்ணே, ஆர்மி செலக்‌ஷனுக்கு ரேஸ்கோர்ஸ் கிரவுண்டில் ஓடுகிறேன். பூட்ஸ் போட்டு ஓடிப் பழகினால் கால் பலமாகுமா?

வேண்டாம் தம்பி. 1.6 கிலோமீட்டர் ஓட்டத்தை ஓடும் ஷூவில்தான் ஓடப்போகிறாய், பழகுவதும் அதிலேயே இருக்கட்டும். கனமான பூட்ஸில் தார்ரோட்டில் தினமும் ஓடினால் முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி பிடிக்கும், சிலருக்கு மெல்லிய விரிசலே விழும். தேர்வான பிறகு பூட்ஸை அவர்களே கொடுப்பார்கள், ஓடவும் வைப்பார்கள்.

பெண்களுக்கு சைஸ் கிடைப்பதில்லையே?

உண்மை. பல மாடல்கள் 6-ல்தான் தொடங்குகின்றன. பையன்களுக்கான அளவுகளையும், பெண் போலீசாருக்கு யூனிஃபார்ம் விற்கும் கடைகளையும் பாருங்கள். ஆண்களுக்கான அச்சில் குதிகால் பகுதி அகலம் என்பதால் சிலருக்குப் பின்னால் நழுவும். லேஸின் மேல் இரண்டு ஓட்டைகளில் இரு பக்கமும் வளையம் போட்டு, எதிர்ப்பக்க லேஸை அதற்குள் விட்டு இறுக்கினால் குதிகால் பூட்டினாற்போல உட்காரும். இது ஆண்களுக்கும் உதவும்.

புது பூட்ஸை எப்படிப் பழக்குவது? கொப்புளம் வராமல் இருக்க?

வாங்கிய வாரமே மலைக்குப் போகாதீர்கள். வீட்டிலும் தெருவிலும் ஒருமணி, இரண்டுமணி நேரம் போட்டு நடங்கள். கேன்வாஸுக்கு இரண்டு மூன்று நாள், கறுப்புத் தோலுக்கு இரண்டு மூன்று வாரம். தண்ணீரில் ஊறப்போட்டுப் போடு என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். இன்றைய ஒட்டுச் சோல்களுக்கு அது ஆகாது.

சாக்ஸில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். முழுப் பருத்தி வேர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும். செயற்கை இழை கலந்ததோ மெல்லிய கம்பளியோ நல்லது. கம்பளியா, மதுரையிலா என்று சிரிக்காதீர்கள், மெல்லியது வேர்வையை நன்றாகவே சமாளிக்கும். உள்ளே ஒரு மெல்லிய சாக்ஸ், மேலே ஒன்று என்று இரண்டு போட்டால் உரசல் சாக்ஸுக்குள்ளேயே நடக்கும், தோல் தப்பிக்கும். காலில் ஒரு இடம் சுரீர் என்று சூடாகத் தொடங்கினால் உடனே உட்கார்ந்து பிளாஸ்டர் ஒட்டுங்கள், உச்சிக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் கொப்புளம் முந்திக்கொள்ளும். சர்க்கரை நோயால் பாத உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இந்த எச்சரிக்கை மணியே அடிக்காது. அவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

நாற்றமும் சேற்றுப்புண்ணும் தீருமா?

இரண்டும் ஈரத்தால்தான். ஒரே ஜோடியை அடுத்தடுத்த நாள் போடாதீர்கள். இன்சோலை வெளியே எடுத்து, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து, நிழலில் காயவையுங்கள். உச்சிவெயிலிலோ அடுப்புப் பக்கமோ வைத்தால் தோல் மொறுமொறுத்து வெடிக்கும். விரலிடுக்கைத் துடைத்து உலர்த்திவிட்டு சாக்ஸ் போடுங்கள்.

பாலிஷா, தேங்காய் எண்ணெயா?

வழவழப்பான தோலுக்கு மெழுகு பாலிஷ். தேங்காய் எண்ணெய் கைக்குக் கிடைக்கும்தான், அதிகம் ஊற்றினால் தோல் தொளதொளத்து, தூசியை இழுக்கும். ஸ்வேட் தோலுக்கு இரண்டுமே வேண்டாம், காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். கேன்வாஸைச் சோப்புத் தண்ணீரில் கையால் துவையுங்கள், வாஷிங் மெஷினில் போடாதீர்கள்.

மிலிட்டரி பூட்ஸ் போட்டால் போலீஸ் பிடிக்குமா?

பூட்ஸுக்காகப் பிடிக்க மாட்டார்கள். ராணுவ வீரர் என்று மற்றவர்களை நம்பவைக்கும் நோக்கத்தோடு ராணுவ உடையோ சின்னமோ அணிவதுதான் குற்றம், இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-ஆவது பிரிவு. பூட்ஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2022-ல் ராணுவம் அறிமுகம் செய்த புள்ளிப்புள்ளியான புது உடையின் வடிவத்தை அவர்களே பதிவு செய்து வைத்திருக்கிறார்கள், அதன் நகலைக் கடையில் பார்த்து வாங்கி மாட்டிக்கொண்டு சுற்ற வேண்டாம்.

கையில் பெரிய பட்ஜெட் இல்லை. என்ன செய்யலாம்?

கேன்வாஸ் ஜங்கிள் பூட் வாங்குங்கள். அதோடு வரும் இன்சோல் அட்டை மாதிரி இருக்கும், அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்ல இன்சோல் ஒன்று தனியாக வாங்கிப் போடுங்கள். பாதத்துக்கு அதுதான் பாதி சுகம். நல்ல சாக்ஸ் இரண்டு ஜோடி. வாங்கிய கையோடு, முதல் நடைக்கு முன்பே, தெருமுனையில் செருப்புத் தைக்கும் அண்ணனிடம் கொடுத்து, முன்நுனியில் சோலும் கேன்வாஸும் சேரும் இடத்தில் சுற்றி ஒரு தையல் போடச் சொல்லுங்கள். இந்த ரகத்தில் முதலில் வாய் பிளப்பது அந்த இடம்தான்.